பதினோராவது ஓட்டை

“வெடிச் சத்தத்துக்குக் காதப் பொத்திக்கிட்டு மாட்டுக்கொட்டத்துக்குள்ள ஓடுற புள்ள, இது போயி துப்பாக்கி சுடப் போகுதாக்கும்” என்றார் என் தாய்மாமன். உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில், ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான அழைப்புக் கடிதத்தோடு நான் சென்னைக்குக் கிளம்பி நின்ற காலை அது. என் அப்பா சிரித்து மழுப்பினார். எனக்குக் கண் எரிந்தது. மாமன் சொன்னது பொய்யில்லை என்பதால்தான் அம்புட்டுக் கோபம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் கடலை பிடுங்கியும் பிழைத்தவர்கள். என் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். அதனால் எனக்குத் திமிர் அதிகம். அதை மறைக்க நான் மெனக்கெட்டதும் இல்லை.

இப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. பத்து வருடக் குறுகிய காலப் பணி முடிந்து, லெப்டினன்டாகப் போய் மேஜராகத் திரும்பி, நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் தெருவில் யாரும் நம்புவதில்லை. பக்கத்தில் ஒரு மைதானத்தில் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் தயாராகும் பெண்கள் காலையில் ஓடுகிறார்கள். அவர்கள் ஒரு சிறு இதழ் போடுகிறார்கள். கைத்துப்பாக்கிப் பயிற்சி பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பிடி, மூச்சு, பார்வை என்று நான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், ஊர்ந்தோம், தூங்காமல் இருந்தோம். ரைஃபிள் எனக்கு எளிதாக வந்தது. அது நீளமானது, தோளில் சாய்ந்துகொள்ளும், தரையில் படுத்துச் சுடலாம். பிஸ்டல் அப்படியில்லை. முன்னே நீட்டிய இரண்டு கைகளைத் தவிர அதற்குத் தாங்கல் கிடையாது. குழல் குட்டை. மணிக்கட்டு ஒரு நூல் அசைந்தால் இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். என் கோளாறு எனக்கே தெரியாமல் நடந்தது. விசையை அழுத்தும் நொடிக்கு முன் கண் மூடிக்கொள்ளும், கை தாழும். பயிற்சியாளர் ஒருநாள் எனக்குச் சொல்லாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைத்துக் கொடுத்தார். அது வந்தபோது வெடிக்கவில்லை. ஆனாலும் துப்பாக்கி முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். எப்படியோ தேறினேன்.

வட மாநிலம் ஒன்றில் இருந்த என் யூனிட்டில் நான் ஒருத்தியே பெண் அதிகாரி. அதிகாரிகளுக்குத் தனி ஆயுதம் பிஸ்டல்தான். வருடத்துக்கு ஒருமுறை அதில் தேர்வு உண்டு. பத்துத் தோட்டா, இருபத்தைந்து மீட்டர். மனித உருவம் வரைந்த தாளில் குறைந்தது ஆறு பட வேண்டும்.

அந்தத் தேர்வின் ஒழுங்கு எனக்கு இன்றும் கை மறக்காது. சுட்டு முடித்ததும் முதலில் தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே குழலின் மேல் மூடியான ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், காலி என்று நினைத்த துப்பாக்கிக்குள் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்லைடை இரண்டு முறை இழுத்து, மூன்றாவது முறை பிடித்து நிறுத்தி, உள்ளே கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வந்து அவரும் பார்ப்பார். கடைசியாக ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும்: என்னிடம் உயிருள்ள தோட்டாவோ காலி உறையோ எதுவும் இல்லை. ஒரு பித்தளை உறை குறைந்தாலும் மொத்தப் பேரும் புல்லில் தவழ்ந்து தேடுவோம். அந்த உறுதிமொழியை நான் எப்போதும் உண்மையாகவே சொன்னேன். அதில் தாளில் விழும் ஓட்டைகளைப் பற்றி ஒன்றும் கிடையாது.

முதல் வருடத் தேர்வில் பாதித் தோட்டாக்களுக்காவது கண்ணை மூடினேன். எனக்கு எதிரே மண்மேட்டில் புழுதி கிளம்பியதைப் பார்த்தேன். துப்பாக்கிகள் உறைக்குள் போன பிறகு, தாள்களை எண்ணும் குழு முன்னே போனது. அந்தக் குழுவுக்குத் தலைவர் நாயக் செல்லப்பாண்டி. இரண்டு பட்டைக்காரர், மதுரை பரவையைச் சேர்ந்தவர். காதில் சொருகிய பென்சிலோடு ஒவ்வொரு தாளாகக் குனிந்து, ஓட்டைகளைச் சுற்றி வட்டமிட்டு, எண்ணிக்கையைக் கத்துவார். என் தாளுக்கு முன்னால் சற்று நேரம் முதுகு காட்டி நின்றார். பிறகு கத்தினார்: ஒன்பது.

நான் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டேன். அன்று மத்தியானம் உணவறையில் அப்போதைய கமாண்டிங் அதிகாரி என்னைக் காட்டி இளம் அதிகாரிகளைக் கேலி செய்தார். மாலையில் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா மறுநாளே டீக்கடையில் சொல்லிவிட்டார். மாமன் காதுக்கும் போனது. அவர் எனக்குப் போன் செய்து, பத்துக்கு ஒன்பதா, அந்த ஒண்ணு எங்க போச்சு என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பெருமையை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் வருடம் உறுதியாகத் தெரிந்தது. எட்டு என்று சொல்லப்பட்ட என் தாளை, ஓட்டைகளை அடைக்கும் ஒட்டுக்காகிதம் ஒட்டுவதற்கு முன் அருகில் போய்ப் பார்த்தேன். குண்டு துளைத்த ஓட்டையின் விளிம்பில் மெல்லிய சாம்பல் வளையம் இருக்கும். அப்படி மூன்றில்தான் இருந்தது. மற்ற ஐந்தும் கொஞ்சம் சின்னவை. உள்பக்கம் தாள் பிசிறியிருந்தது. விளிம்பு பளபளத்தது. செல்லப்பாண்டியின் கையில் இருந்த பென்சிலில் கூர் இல்லை. அதிகாரிகளின் மதிப்பெண்ணை இப்படிப் பென்சிலால் ஓட்டை போட்டுத் தூக்கிவிடுவது பல இடங்களில் உள்ள பழக்கம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாதாரணமாக, “வெயிலு ஜாஸ்தி மேடம், நிழலுக்குப் போங்க” என்றார்.

நான் நிழலுக்குப் போனேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் அது நான் கேட்டு நடந்ததாக ஆகிவிடும் என்று பயம். பேசாமல் இருந்தால் அது எனக்குத் தெரியாமல் நடந்ததாகவே இருக்கும் என்று ஒரு கணக்கு. படித்தவள் போடும் கணக்கு.

இதில் கூசச் செய்யும் இன்னொன்றும் உண்டு. நல்ல குறிகாரி என்று பெயரெடுத்ததால் சிப்பாய்களின் தேர்வை நடத்தும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். ஐந்து மட்டுமே குறியில் சுட்ட ஒரு பையனை மூன்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிறுத்திச் சுட வைத்தேன். கண்ணைத் திறந்து சுடு என்று அவனிடம் கத்தினேன். செல்லப்பாண்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருடத் தேர்வுக்கு முன் புதிய கமாண்டிங் அதிகாரியாக ஒரு கர்னல் வந்தார். ஒல்லியான மனிதர், சத்தமே போடமாட்டார். யாரிடமும் ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை தன் கைக்கடிகாரத்தின் வாரைத் தளர்த்துவார், மறுபடி இறுக்குவார். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் தானாகவே பேசிவிடுவார். தன் பிஸ்டலைத் தானே துடைப்பார். காலி என்று மூன்று பேர் சொன்ன துப்பாக்கியையும் தன் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைக்க விடுவார். சுடும் ரேஞ்சில் தேர்வு நடப்பதற்கு முந்தின வாரம் ஒரு வரி அறிவித்தார்: சுட்டு முடிந்ததும் தாள்களிடம் முதலில் போவது நான், எனக்கு முன் யாரும் போகக் கூடாது.

அதைக் கேட்டு நான் பயப்படவில்லை. ஏனென்றால் அதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே நான் யாருக்கும் தெரியாமல் பழகிக்கொண்டிருந்தேன். ஆயுத அறையில் தினமும் அரை மணி நேரம், காலித் துப்பாக்கியோடு. ஸ்லைடின் முனையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு விசையை அழுத்துவேன். நாணயம் விழக் கூடாது. முதல் வாரம் ஒவ்வொரு முறையும் தரையில் உருண்டது. மூன்றாம் மாதம் பத்துக்கு ஏழு முறை நின்றது. இதை ஏன் செல்லப்பாண்டியிடம் சொல்லவில்லை என்று கேட்டால், என்னவென்று சொல்வது? இனிமேல் வேண்டாம் என்று சொன்னால், இதுவரை வேண்டியிருந்தது என்று ஒப்புக்கொண்டதாகாதா?

தேர்வு நாளில் கண்ணைத் திறந்து சுட்டேன். முன்குறி தெளிவாகவும் உருவம் கொஞ்சம் மங்கலாகவும் தெரிந்தது, சொல்லிக்கொடுத்தபடியே. ஆறோ ஏழோ பட்டிருக்கும் என்று கைக்கே தெரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ரேஞ்சில் எனக்குச் சிரிப்பு வந்தது.

கர்னல் தாள்களை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். என் தாளின் முன் நின்று எண்ணினார். மறுபடி எண்ணினார். ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டார், எத்தனை தோட்டா தரப்பட்டது என்று. பத்து என்றேன். வலது பக்கத்தவரின் தாளைப் பார்த்தார், பத்தும் அதிலேயே இருந்தன. இடது பக்கத்தவருக்கு எட்டு, தவறிய இரண்டும் அவருக்கு நேர் கீழே மண்ணில் தெரிந்தன. அடுத்தவர் குண்டு என் தாளுக்கு வந்ததாகச் சொல்லவும் வழியில்லை.

“இங்கே பதினோரு ஓட்டை இருக்கிறது” என்றார். ஒரு ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் பென்சில் கரி ஒட்டியது. அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

தாள்களிடம் முன்கூட்டிப் போக முடியாது என்று தெரிந்ததும், செல்லப்பாண்டி என் தாளைச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன்பே ஐந்து ஓட்டை போட்டு வைத்திருக்கிறார். நான் இரண்டு மூன்று சுட்டாலும் தேறிவிடுவேன் என்பது அவர் நினைப்பு. நான் ஆறு சுட்டுவிட்டேன்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு கர்னலின் அறையில் நாங்கள் இருவரும் நின்றோம். செல்லப்பாண்டி எனக்கு ஒரு அடி தள்ளி விறைப்பாக நின்றார். நான்தான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஏன் என்ற கேள்விக்கு, ஒரே ஊர்க்காரங்க சார், பேர் கெடக் கூடாதுன்னு செஞ்சேன் என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே சேர்த்துக்கொண்டார்: “மேடத்துக்கு இது தெரியாது சார்.”

கர்னல் என் பக்கம் திரும்பினார்.

“தெரியாதா?”

கடிகார வாரைத் தளர்த்தினார். நான் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். வாரை இறுக்கினார். எனக்குள் ஓடியது ஒழுக்கமோ சட்டமோ இல்லை. அப்பா உட்காரும் டீக்கடை பெஞ்சு ஓடியது.

“தெரியாது சார்” என்றேன்.

செல்லப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உடைந்திருக்கலாம் என்று பல வருடம் அவர் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கர்னல் என்னை மட்டும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். புதுத் தாளை அவரே மாட்டினார். பத்துத் தோட்டாவை அவரே எண்ணித் தந்தார். நான் சுட்டேன், ஒழுங்குப்படி காலி செய்தேன், அவர் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார், உறுதிமொழி சொன்னேன். ஆறு பட்டிருந்தது. தேர்ச்சி. அவர் தாளைக் கழற்றி நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். “நேற்றும் ஆறாகத்தான் இருந்திருக்கும். இது உன்னுடையது” என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் வருடாந்திர அறிக்கையை நன்றாகவே எழுதினார். ஆனால் அதன் பிறகு ஒருநாளும் ரேஞ்ச் நடத்த என்னை அனுப்பவில்லை.

அதாவது, உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கண்டிப்பு கிடைத்திருக்கும், பெயர் போயிருக்கும். வேலை போயிருக்காது. செல்லப்பாண்டிக்குத் தண்டனை பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறியது. சிவப்பு மை ஏறியவருக்குப் பதவி உயர்வு வராது. அந்த வருடம் அவருக்கு ஹவில்தாராகும் முறை வந்திருந்தது. மூன்றாவது பட்டைக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். மேலதிகாரி கேட்டுத்தான் செய்தான், அல்லது மேலதிகாரிக்குத் தெரிந்து செய்தான் என்றிருந்தால் தண்டனை பாதியாகியிருக்கும். அவர் நாயக்காகவே இரண்டு வருடம் இருந்து, நாயக்காகவே ஊருக்குப் போனார். வழியனுப்பும் தேநீரில் நான் அவருக்கு மாலை போட்டேன்.

பிறகு ஐந்து வருடம் நான் மதுரைக்கு விடுமுறையில் வரும்போதெல்லாம் பரவை வழியாகப் போகும் திண்டுக்கல் சாலைப் பேருந்தில் ஏறவில்லை. அவ்வளவுதான் நான் செய்த பரிகாரம்.

போன மாதம் மைதானத்தில் ஒரு பெண் ஓட்டம் முடித்து மூச்சு வாங்க என்னிடம் வந்தாள். பெயர் பவித்ரா. “அக்கா, எங்கப்பா உங்க யூனிட்டுதான். பரவை செல்லப்பாண்டி. உங்க குறி தப்பவே தப்பாதுன்னு எப்பவும் சொல்லுவாரு” என்றாள். அப்பா எப்படி இருக்கிறார், ஹவில்தாராகத்தானே வந்தார் என்று, தெரியாதவள் போலக் கேட்டேன். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “இல்லக்கா. குடிச்சிட்டு டூட்டிக்குப் போயி மாட்டிக்கிட்டாராம். அவரே சொன்னதுதான். இப்பக் குடிக்கிறதில்ல. ஆனா அம்மாச்சி வீட்டுல ஒவ்வொரு விசேசத்துலயும் அத எடுத்து வச்சுப் பேசுவாக.”

செல்லப்பாண்டி குடித்து நான் பார்த்ததே இல்லை. யூனிட்டில் அவர் பங்கு ரம்மை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார் என்று கேலி செய்வார்கள்.

மறுநாள் காலை பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். உள்ளே வரும் காய்கறி லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலையில் அவர் கேட்டில் நின்றார். தலை நரைத்திருந்தது. முதுகு மட்டும் அதே விறைப்பு. என்னைப் பார்த்ததும் கை சல்யூட்டுக்குப் பாதி தூரம் போய் நின்றது.

“அண்ணே” என்றேன்.

“இது புதுசா இருக்கே மேடம்” என்றார். “சர்வீஸ்ல செல்லப்பாண்டின்னுதான கூப்பிடுவிங்க.”

டீ வாங்கிக் கொடுத்தார். தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றே பேசினோம். அன்று எனக்குத் தெரியும் என்றேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் என்றார். ராணுவ ஆவண அலுவலகத்துக்கும் அந்தக் கர்னலுக்கும் எழுதப் போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“எழுதி? மூணாவது பட்டைய கூரியர்லயா அனுப்பப் போறாக?”

பவித்ரா சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒரு லாரிக்குக் கை காட்டி உள்ளே விட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினார்.

“குடிச்சேன்னு சொன்னா ஊரு ஒத்துக்கிரும் மேடம், திட்டிட்டு விட்டுரும். பேப்பர்ல ஓட்ட போட்டேன்னு சொன்னா சிரிக்கும். யாருக்காகப் போட்டன்னு கேக்கும். ஒரு பொம்பள ஆபீசர் பேரச் சொன்னா அது வேற மாதிரி போகும். எனக்கும் பொம்பளப் புள்ள இருக்குல்ல.”

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவர்தான் மறுபடி கேட்டார், லாரிகளைப் பார்த்துக்கொண்டே.

“அன்னைக்கு நெசமாவே ஆறு சுட்டிங்களா?”

“ஆமாண்ணே. நாலு மாசம் பழகுனேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மேடம்” என்றார். “நான் பென்சில வீட்டுல வச்சிட்டு வந்திருப்பேன்.”

கர்னலின் அறையில் நான் சொன்ன பொய்யை அவர் எனக்கு எதிராக எடுக்கவே இல்லை. அதற்கு முன்பு நான்கு மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் எடுத்தார். எழுதுவது என் இஷ்டம் என்றார். ஆனால் குடி விசயத்தை மட்டும் அவரால் வீட்டில் மாற்றிச் சொல்ல முடியாது, சொன்னால் பழைய தப்பை மூட இப்போது கதை கட்டுவதாக மனைவி நினைப்பாள், அதை நீங்களே வந்து சொல்லிருங்க என்றார்.

இரண்டு பக்கத்தில் எழுதினேன். எனக்கு முன்பே தெரியும், இரண்டாம் வருடத்திலிருந்தே தெரியும், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை இரண்டு உறைகளைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். அங்கிருந்தே, தமிழில் எழுதிய மூன்றாவது நகலோடு பரவைக்குப் பேருந்து ஏறினேன்.

செல்லப்பாண்டியின் மனைவி வசந்தா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வந்த விசயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் கை நீட்டிக் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவர் என்பதால், மகளிடம் கொடுத்தார். “மொதல்ல இருந்து வாசி. சத்தமா” என்றார். பக்கத்து வீட்டில் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். வசந்தா அவரையும் கையசைத்து உள்ளே வரச் சொன்னார்.

பவித்ரா என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.